நிலுவையில் வைக்கப்பட்ட தண்ணீர்

பூமிக்கடியில் தண்ணீர் தோன்றிப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலமும் அது சும்மா கிடக்கவில்லை. தன்னை முறைப்படி வெளியே எடுக்க என்றாவது ஓர் அலுவலகம் ஏற்படும் என்ற நம்பிக்கையோடு பொறுமையாகக் காத்துக் கிடந்தது. நம்பிக்கை வீண்போகவில்லை. 'கைமுறைக் கிணறுகள் மேம்பாட்டு இயக்ககம்' என்ற பெயரில், மூன்று மாடிகளும் இரண்டு லிஃப்டுகளுமாக, அந்த அலுவலகம் ஏற்பட்டேவிட்டது.

இயக்ககத்தின் கொள்கை எளிமையானது. இயந்திரம் வேண்டாம், டீசல் வேண்டாம், புகை வேண்டாம். மனிதன் தன் இரண்டு கைகளாலேயே பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்க வேண்டும். இந்தக் கருத்தை ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்கில் கேட்டுவிட்டு விமானத்தில் திரும்பும்போதே இயக்குநருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டதாம். இயக்ககத்தின் முயற்சியால் வெளிவந்த முதல் நீர் அதுதான். அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு அதுவே கடைசி நீராகவும் இருந்தது.

அதற்காக அந்த ஆறு ஆண்டுகளில் அங்கே யாரும் ஓய்ந்திருந்தார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. முதலில் 'கை' என்றால் என்ன என்று வரையறுக்க ஒரு குழு அமைத்தார்கள். மணிக்கட்டு வரைதான் கை என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். முழங்கையும் கைதானே, பெயரிலேயே இருக்கிறதே என்று இன்னொரு சாரார் மேசையைத் தட்டினார்கள், முழங்கையாலேயே. குழு பதினெட்டு முறை கூடியது. அறிக்கை மூன்று தொகுதிகளாக வந்தது. பிறகு பொறியாளர்கள் எல்லோரும் 'கைமுறைக் கிணறு: ஒரு கையேடு' எழுத உட்கார்ந்தார்கள். எழுதி முடித்து எழுந்திருந்தால் கிணறு தோண்டியிருப்பார்கள். எழுதி முடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகைக்காரர் வந்து, நாகரிகமே இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"இதுவரைக்கும் எத்தனை கிணறு போட்டிருக்கீங்க சார்?"

இயக்குநர் அன்று மதியம் சாப்பிடவில்லை. மாலையில் எழுத்தரைக் கூப்பிட்டனுப்பினார்.

எழுத்தருக்கு வயது நாற்பத்தாறு. கடிதங்களை உறையிலிட்டு, ஒட்டி, அரக்கு முத்திரை வைத்து அனுப்புவது அவர் வேலை. எந்தக் கடிதமானாலும் ஏழு பிரிவுகளுக்காவது நகல் போடாமல் அனுப்பமாட்டார். ஒருமுறை தன் விடுப்பு விண்ணப்பத்துக்கே ஏழு நகல் அனுப்பி, ஐந்து பிரிவுகள் சம்மதித்தும் இரண்டு பிரிவுகள் மறுத்தும் பதில் எழுத, பெரும்பான்மையின் பலத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தவர்.

"நீங்க எந்தப் பிரிவு?" என்றார் இயக்குநர்.

"அனுப்புகைப் பிரிவுங்க ஐயா."

"பாருங்க, பேர்லயே கை இருக்கு. நாம போடப் போற முதல் கிணத்துக்கு நீங்கதான் களப் பொறுப்பாளர்."

"ஐயா, எனக்குக் கிணத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாதே."

"அதான் வேணும். தெரிஞ்சவங்களை அனுப்பினா, அவங்க இஷ்டத்துக்குத் தண்ணி இருக்கிற இடத்துல தோண்டிடுவாங்க."

இடம் ஏற்கெனவே அறிவியல் முறைப்படி தேர்வாகியிருந்தது. கிணற்றைத் திறந்துவைக்க வரும் சிறப்பு விருந்தினரின் கார் மிக நீளமானது. அது திரும்புவதற்கு அகலமுள்ள தெரு, தண்ணீரில்லாத பகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் தேறியது. ஊர் எல்லையில், செங்கல் சூளைக்குப் போகும் வழியில், ஒரு சின்னப் பிரசவ நிலையம் இருந்த தெரு.

அந்தப் பிரசவ நிலையத்தின் நர்ஸ், எழுத்தரின் சொந்த அக்கா.

"ஒன்பது வருஷமா மனு போட்டேன், அசையல. கார் திரும்ப இடம் இருக்குன்னு வருதா?" என்றாள் அக்கா. "சரி, வரட்டும். எந்த வழியா வந்தா என்ன?"

நிலையத்தில் இரண்டு கட்டில்கள், ஒரு மேசை, சுவரோரம் ஒரு பெரிய நீல டிரம். குழாய் என்று ஒன்று இருந்தது. திறந்தால் காசநோய்க்காரர் மாதிரி இருமிவிட்டு ஓயும். வாரத்துக்கு மூன்று முறை தண்ணீர் லாரி வந்து டிரம்மை நிரப்பிவிட்டுப் போகும். லாரி வராத நாளில் பிறக்க வேண்டாம் என்று தாய்மார்கள் தங்கள் வயிற்றைத் தடவிக் கேட்டுக்கொள்வார்கள்.

ஒன்றாம் தேதி காலை துளையிடும் ஆட்கள் மூன்று சக்கர வண்டியில் வந்து இறங்கினார்கள். வண்டியில் மூங்கில் கம்புகள், இரும்புக் குழாய்கள், ஒரு சங்கிலி, பெரிய ஸ்பேனர் இரண்டு. ஆட்கள் மொத்தம் மூன்று பேர். ஒரு பெண்மணி, அவளுடைய கணவன், கணவனின் தம்பி.

"மேஸ்திரி யாரு?" என்று எழுத்தர் ஆண்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தான் சார்" என்றாள் அந்தப் பெண்மணி. "மூடின்னு கூப்பிடுவாங்க."

"மூடியா? என்ன பேர் அது?"

"வேலையைப் பாத்தா புரியும்."

பார்த்தார். புரிந்தது. இரண்டு மூங்கில்களை நட்டு, குறுக்கே ஒரு நீளக் கம்பை நெம்புகோலாகக் கட்டினார்கள். அதன் ஒரு முனையில் சங்கிலி. சங்கிலியில் இரும்புக் குழாய் செங்குத்தாகத் தொங்கியது. குழாயின் கீழே சின்னக் குழி வெட்டி அதில் நீர் நிரப்பினார்கள். மூடி மேலே ஏறி, குறுக்குக் கழியில் உட்கார்ந்து, குழாயின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள். கணவனும் கொழுந்தனும் நெம்புகோலின் மறுமுனையை அழுத்தினார்கள். குழாய் மேலே வந்தது. கீழே விட்டார்கள். அது குத்தி இறங்கும் அந்த நொடியில் அவள் கையை எடுத்தாள். சேறும் நீரும் குபுக்கென்று குழாயின் வாய்வழியே பொங்கி வெளியே விழுந்தன. மறுபடி மூடினாள். மறுபடி எடுத்தாள். பூமிக்கு வாய்ப்பூட்டு போட்டுப் போட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் கக்க வைப்பது போலிருந்தது.

"அவர் அழுத்துவாரு, நான் மூடுவேன்" என்றாள் மேலேயிருந்து. "இங்க மட்டும் இல்ல சார், வீட்டுலயும் அப்படித்தான்."

கணவன் மறுக்கவில்லை. மறுக்க மூச்சு இல்லை.

முதல் சிக்கல் அரை மணி நேரத்தில் வந்தது. குழியில் நீர் குறைந்தது. துளை போட்டு முடிக்கும்வரை குழியில் நீர் இருந்துகொண்டே இருக்க வேண்டும். எழுத்தர் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"ஐயா, துளை போடத் தண்ணி வேணுமாம்."

இயக்குநர் கொள்கைக் கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. "தண்ணி எடுக்கத்தானே அவங்களைக் கூப்பிட்டோம்? அவங்களே நம்மகிட்ட தண்ணி கேட்டா, கொள்கை என்னாகிறது?"

கொள்கை என்னவோ ஆகட்டும் என்று அக்கா டிரம்மிலிருந்து நான்கு குடம் மொண்டு கொடுத்தாள்.

இரண்டாவது சிக்கல் மறுநாள். களிமண் அடுக்கு இறுகியிருந்ததால், மூடியின் கணவன் நெம்புகோலின் மேல் ஏறி நின்று மிதிக்கத் தொடங்கினான். எழுத்தர் பதறிப்போனார்.

"காலை எடுங்க! இது கைமுறைக் கிணறு. விதி நாலு, உட்பிரிவு ரெண்டு."

"கால் இல்லாம கை எதுல சார் நிக்கும்?"

எழுத்தர் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டார். அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். கையேட்டில் அந்த அத்தியாயம் இன்னும் எழுதப்படவில்லை. ஆகவே ஒரு குழு அமைத்தார்கள். குழு முதல் கூட்டத்துக்கு நாள் குறிப்பதற்குள் கிணறு இருபத்தெட்டு அடி போய்விட்டது.

மூன்றாம் நாள் கொழுந்தனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நெம்புகோலில் ஓர் ஆள் குறைந்தது. எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். செருப்பைக் கழற்றினார். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் முதல்முறையாக ஒரு பொருளைப் பிடித்து அழுத்தினார். மாலைக்குள் இரண்டு கையிலும் கொப்புளம். பேருந்தில் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் அந்தக் கொப்புளங்களை மனைவியிடம் ஏதோ விருது வாங்கியவர் போலக் காட்டினார். அவள் மஞ்சள் பூசிவிட்டு, "ஆபீஸ்ல வேற ஆளே இல்லையா?" என்றாள். "இல்லை" என்றார் பெருமையாக.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி. குழாயிலிருந்து சாம்பல் நிறச் சேறு வருவது நின்று, சோளமணி பருமனுக்குப் பருமணல் வந்தது. அதே சமயம் குழியிலிருந்த நீர் மளமளவென்று இறங்கி, கண்ணெதிரே காணாமல் போனது.

"ஐயோ, தண்ணி போச்சே!" என்று கத்தினார் எழுத்தர்.

மூடி மேலேயிருந்து சிரித்தாள். "போகல சார். சொந்தக்காரங்களைப் பாத்துடுச்சு. நாம ஊத்தினது இவ்வளவு வேகமா உள்ள இறங்குதுன்னா, கீழ இருக்கிறது அதே வழியா மேல வரும். நல்ல மணல். இதுக்கு மேல தோண்ட வேண்டாம்."

நாற்பத்திரண்டு அடி. நீர் உள்ளே கசிந்து வர ரம்பத்தால் கீறல் போட்ட பிளாஸ்டிக் குழாயை உள்ளே இறக்கினார்கள். சுற்றிலும் சரளை கொட்டினார்கள். ஏழாம் நாள் மேலே கைப்பம்பைப் பொருத்தி அடித்தார்கள். முதலில் கலங்கல், பிறகு பால்நிறம், மூன்று மணி நேரம் அடித்தபின் கண்ணாடி. அக்கா ஒரு டம்ளரில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டு, வெள்ளைப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எழுத்தர் அங்கேயே உட்கார்ந்து, தன் முத்தான கையெழுத்தில் அறிக்கை எழுதினார்: 'மேற்படி இடத்தில் தூய நீர் போதிய அளவில் கிடைத்துவிட்டது.' கீழே ஏழு பிரிவுகளுக்கு நகல். மகிழ்ச்சியான செய்தி என்பதால் கூடுதலாக ஒன்று போட்டு எட்டு. எல்லாவற்றையும் உறையிலிட்டு அனுப்பிவிட்டுத்தான் போன் செய்தார்.

"ஐயா, தண்ணி வந்துடுச்சு!"

"யாரைக் கேட்டு வந்துச்சு?"

"ஐயா?"

"சிறப்பு விருந்தினர் இருபதாம் தேதி வர்றார். அறுபதாவது அடியில, அவர் குழாய் மேல கை வெச்சதும் தண்ணி பொங்கணும். அழைப்பிதழ்ல அப்படித்தான் போட்டிருக்கு. அச்சாகி விநியோகமும் ஆயிடுச்சு. இன்னும் பதிமூணு நாள் இருக்கே ஐயா, இப்போ வந்து நிக்கிறீங்க?"

எழுத்தரை இயக்குநர் 'ஐயா' என்று அழைத்தால் விஷயம் மிகப் பெரியது என்று பொருள்.

"இப்ப என்னங்க ஐயா செய்யறது?"

"அந்தத் தண்ணியை நிலுவையில வைங்க."

தண்ணீரை நிலுவையில் வைப்பது எப்படி என்று கையேட்டில் இல்லை. ஆனால் அனுப்புகைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவருக்கு அது ஒரு பெரிய காரியமா? கைப்பம்பின் பிடியைச் சங்கிலியால் கட்டினார். மேலே துணி சுற்றினார். மெழுகுவத்தி கொளுத்தி, அரக்கை உருக்கி, நான்கு இடத்தில் பித்தளை முத்திரை வைத்தார். அட்டை ஒன்று தொங்கவிட்டார்: 'நிலுவையில் உள்ளது. திறப்பது தண்டனைக்குரியது.'

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா தம்பி பண்றே?"

"தண்ணியைப் பாதுகாக்கிறேன்க்கா."

"யார்கிட்டேருந்து?"

எழுத்தர் யோசித்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "குடிக்கிறவங்ககிட்டேருந்து" என்றார்.

துளையிடும் குடும்பத்தையும் போகவிடக் கூடாது என்று உத்தரவு. தினமும் காலை பத்திலிருந்து பதினொன்று வரை, படம் எடுக்க வருபவர்களுக்காக, அவர்கள் துளையிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூங்கில் சட்டத்தைப் பம்புக்குப் பக்கத்தில் மாற்றி நட்டார்கள்.

"எதுல சார் குத்துறது?" என்றான் மூடியின் கணவன்.

"சும்மா காத்துல குத்துங்க."

"காத்துல எத்தனை அடி போகணும்?"

"பதினெட்டு" என்றார் எழுத்தர், கணக்குப் போட்டுப் பார்த்து. அறுபதில் நாற்பத்திரண்டு போக மிச்சம் அவ்வளவுதானே.

இரண்டு நாள் கழித்து வர வேண்டிய லாரி வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. மூன்றாவது முறையும் வராதபோது அக்கா போன் செய்தாள். எழுத்தர் கீழ்த்தளத்துக்கு ஓடினார். லாரிப் பிரிவு அதே கட்டடத்தில்தான் இருந்தது. அதன் மேற்பார்வையாளர் மிகவும் மரியாதையானவர். உட்காரச் சொல்லி, ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"என்ன அழகு! 'தூய நீர் போதிய அளவில் கிடைத்துவிட்டது.' கீழ, நகல் எங்களுக்கு. 'தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்'னு போட்டிருக்கீங்க. தகவல் தெரிஞ்சுக்கிட்டோம். தக்க நடவடிக்கை எடுத்து லாரியை நிறுத்திட்டோம்."

எட்டாவது நகல். எழுத்தர் அவசரமாக எழுந்தார்.

"ஆனா கிணத்துக்கு முத்திரை வெச்சிருக்கோம்ங்க. யாரும் தண்ணி எடுக்க முடியாது."

"அப்படியா? அப்போ அங்க தண்ணி இல்லைன்னு எழுதிக் குடுங்க. நாளைக்கே லாரி வரும்."

"தண்ணி இருக்குங்களே!"

"இருந்தா லாரி எதுக்கு?"

இதில் எந்தப் பிழையும் இல்லை என்பதுதான் எழுத்தரை மிகவும் வாட்டியது. மாடியேறி இயக்குநரிடம் போனார். அங்கே 'நீர்ச் சிக்கன வாரம்' பற்றிய ஆலோசனைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஓவல் மேசையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பெரும்பாலானவை திறக்கப்படவே இல்லை, சிக்கனம். அவர் வாயைத் திறப்பதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. அக்கா.

"தம்பி, தையல்காரர் சம்சாரத்துக்கு வலி எடுத்துடுச்சு. டிரம்மில அடிமண்டிதான் இருக்கு."

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடேன்க்கா."

"அதுக்கெல்லாம் நேரம் தாண்டிடுச்சு. வண்டியிலேயே பிறந்துடும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்டா. நான் கை கழுவணும். அவ்வளவுதான். கை கழுவத் தண்ணி வேணும்."

எழுத்தர் இயக்குநரின் காதருகே குனிந்து சொன்னார். முத்திரையை ஒரே ஒரு மணி நேரம் திறக்க அனுமதி வேண்டும் என்றார். நர்ஸ் கை கழுவ வேண்டும் என்றார்.

இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "புரியுது. ஆனா பாருங்க, நம்ம துறை கை மட்டும்தான். கழுவுறது சுகாதாரத் துறை."

எழுத்தர் தன் வாழ்நாளின் முதல் குற்றத்தைச் செய்தார். கோப்புப் பையைத் திறந்து, மேசையைச் சுற்றி வந்து, திறக்காத பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவு பணிவாகச் செய்ததால் அது ஏதோ நடைமுறை என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். ஒருவர் தன் பாட்டிலைத் தாமே எடுத்து நீட்டினார். பதினோரு பாட்டில் சேர்ந்தது. ஆட்டோ பிடித்தார்.

பிரசவ நிலையத்தின் வாசலில் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு நின்று, அதன் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. அக்கா பையைத் திறந்து பாட்டில்களைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"இதுல நான் கை கழுவுறதா, குழந்தையைக் கழுவுறதா, அவளைச் சுத்தம் பண்றதா? ஒண்ணு சொல்லு."

எழுத்தர் பாட்டில்களை மேசைமேல் எடுத்து வைத்தார். வெளியே வந்தார். கைப்பம்பு நான்கு சிவப்பு முத்திரைகளோடு வெயிலில் மினுமினுத்தது. மூடி அதன் பக்கத்தில் பெரிய ஸ்பேனரோடு நின்றிருந்தாள்.

"நான் உடைச்சிடறேன் சார். என்னை என்ன, வேலையை விட்டா தூக்குவாங்க? நான் வேலையிலேயே இல்லையே."

"வேண்டாம்மா. குடுங்க அதை. வெச்சது நான்."

ஸ்பேனரை வாங்கினார். ஓங்கினார். நிறுத்தினார். பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, 'பிற்பகல் 2.40. முத்திரை அகற்றப்பட்டது. அகற்றியவர்:' என்று எழுதிக் கையொப்பமிட்டார். இருபத்திரண்டு வருடப் பழக்கம் அல்லவா. பிறகு அடித்தார். அரக்கு சிதறியது. மூடியின் கணவன் சங்கிலியை உருவினான். பிடியைப் பிடித்து அழுத்தினார்கள். பம்பு வறட்டென்று முனகியது. காற்று மட்டும் வந்தது.

"ஒரு வாரமா அடிக்காம, உள்ள இருக்கிற தோல் வாஷர் காய்ஞ்சு போச்சு" என்றாள் மூடி. "மேல கொஞ்சம் தண்ணி ஊத்தினாதான் பிடிக்கும். சீக்கிரம்!"

எழுத்தர் உள்ளே ஓடி இரண்டு பாட்டில்களோடு வந்தார். நீர்ச் சிக்கன வாரத்துக்கான தண்ணீரைப் பம்பின் தொண்டையில் கவிழ்த்தார். அடித்தார். இன்னும் அடித்தார். கொப்புளம் ஆறிய இடம் மறுபடி எரிந்தது. எட்டாவது அடியில் பிடி கனத்தது. அந்தக் கனம் தோள் வரை ஏறியதும் அவருக்கு ஏனோ அழுகை வந்தது. பத்தாவது அடியில் தண்ணீர் வந்தது.

அக்கா கை கழுவினாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, அதற்கும் மேலே. முழங்கையும் கைதான் என்பதை அவள் எந்தக் குழுவையும் கேட்காமல் தானே முடிவு செய்திருந்தாள்.

மூன்றே காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இளஞ்சூட்டு நீரில் குளித்தது. குளித்தபடியே தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதது. தையல்காரர் எழுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கொப்புளம் வலித்தது. எழுத்தரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

மாலைக்குள் தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. அவர் மறுபடி முத்திரை வைக்கவில்லை. வைக்க அரக்கு இருந்தது; மனம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதி இயக்குநருக்கு அனுப்பினார். 'நகல்' என்று எழுதிய இடத்துக்கு வந்ததும் நெடுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்துவிட்டு, கோடு போட்டு அடித்தார்.

மறுநாள் இயக்குநர் நேரிலேயே வந்தார். தெரு நனைந்திருந்தது. குழந்தைகள் சேற்றில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கால்சட்டையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"எவ்வளவு தண்ணி வெளியேறியிருக்கும்?"

"இன்னும் வந்துட்டேதான் இருக்குங்க ஐயா."

"நிறுத்த முடியாதா?"

"ஜனங்க நிறுத்த மாட்டேங்கறாங்க."

"முதல்ல யார் பயன்படுத்தினது?"

"அதோ, உள்ள இருக்கிற குழந்தைதாங்க ஐயா. பிறந்து பத்தொம்பது மணி நேரம் ஆச்சு."

"பேரு?"

"இன்னும் வைக்கல."

இயக்குநர் குறிப்பேட்டில் 'பெயர் தெரியாத நபர்' என்று எழுதிக்கொண்டார்.

ஏற்கெனவே தண்ணீர் வந்துவிட்ட கிணற்றில் விருந்தினரைக் கை வைக்கச் சொல்வது அவருக்கு அவமானம். ஆகவே விழா இயக்ககத்தின் புல்வெளிக்கு மாற்றப்பட்டது. ஒரு குழாயை நட்டு, அதன் அடியைப் புல்லுக்கடியில் ரப்பர் குழாயோடு இணைத்து, மறுமுனையைச் சாமியானாவுக்குப் பின்னால் நின்ற தண்ணீர் லாரியில் செருகினார்கள். பிரசவ நிலையத்துக்குப் போகாமல் மிச்சமான லாரி அது. இருபதாம் தேதி சிறப்பு விருந்தினர் கை வைத்தார். டிரைவர் வால்வைத் திறந்தார். தண்ணீர் ஆறடி உயரத்துக்குப் பொங்கியது. 'மனிதக் கையின் மகத்துவம்' என்று விருந்தினர் நாற்பது நிமிடம் பேசினார். லாரியில் அவ்வளவு கொள்ளளவு இல்லாததால் பேச்சு முடிவதற்குச் சற்று முன்பே மகத்துவம் நின்றுபோனது.

எழுத்தர் மீது விசாரணை நடந்தது. மூன்று குற்றச்சாட்டுகள். அனுமதியின்றி முத்திரை உடைத்தது. ஆலோசனைக் கூட்டத்தின் பாட்டில்களை அபகரித்தது. அங்கீகரிக்கப்படாத ஆழத்தில் தண்ணீரை அனுமதித்தது. "ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?" என்று கேட்டார்கள். "பாட்டில்ல ரெண்டுதான் செலவாச்சுங்க. மீதி ஒம்பதும் இந்தப் பையில இருக்கு" என்று மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்தார். நேர்மை அவர் தண்டனையைக் குறைத்தது. வேலை போகவில்லை, பழைய காகிதக் கிடங்குக்கு மாற்றப்பட்டார்.

மூடியின் குடும்பம் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன்பிறகு அவர்களுக்கு ஓயாத வேலை. சூளைக்கு அந்தப்பக்கத் தெரு, அதற்கடுத்த தெரு என்று ஆள்மேல் ஆள் வந்து அழைத்துப் போனார்கள். கறுப்புப் பட்டியலில் இருப்பவர்கள் போட்டால் சீக்கிரம் தண்ணீர் வருகிறது என்று ஊரில் ஒரு பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் நெம்புகோலின் ஒரு முனையில் எழுத்தரையும் பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்கள். கேட்டால் அக்கா, "அவன் கிடங்குல தூசி தட்டுறவன், அவனுக்கு ஏது அவ்வளவு தெம்பு?" என்பாள், சிரிக்காமல்.

ஆண்டு முடிவில் இயக்ககத்தின் அறிக்கை பெருங்கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. சாதனைகள் இருபத்தாறு பக்கம். கருத்தரங்குகள், குழுக்கள், கையேட்டின் முதல் அத்தியாயத்தின் முதல் வரைவு, புல்வெளியில் பொங்கிய மகத்துவம், எல்லாம் இருந்தன. கைதட்டல் ஓயவில்லை. குறைகளை மறைப்பது இயக்ககத்தின் வழக்கமல்ல. ஆகவே கடைசிப் பக்கத்தில் 'தவறுகள்' என்ற தலைப்பின் கீழ் இருந்த ஒரே ஒரு வரியையும் இயக்குநர் தழுதழுத்த குரலில் வாசித்தார்:

'இவ்வாண்டு, ஓர் ஊழியரின் கவனக்குறைவால், ஓரிடத்தில் தண்ணீர் மக்களைச் சென்றடைந்துவிட்டது. இனி ஒருபோதும் இவ்வாறு நேராது என உறுதியளிக்கிறோம்.'

அந்த உறுதிமொழியை இயக்ககம் இன்றுவரை ஒரு சொட்டுகூடப் பிசகாமல் காப்பாற்றி வருகிறது.